இந்தச் சாலையில் யார் போகிறார்கள்?

அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்ததும் அத்தை மகன் கேட்ட முதல் கேள்வி, "மொத்தம் எத்தனை கிலோமீட்டர் வரும் மச்சான்?" என்பதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா வேறு ஒன்று கேட்டார். "ஆறு எப்படிப் போகுது, மேடு எங்க இருக்கு, அத முதல்ல பாருங்க. ரோடு அப்புறம்." மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் அவரைப் போன்றவர்களை சொல்தா என்போம். வரைபடத்தை அவர் பார்க்கிற விதமே வேறு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை முகத்துக்கு அருகில் வைத்து, நீலக் கோட்டை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போவார்.

2023 ஜூன் மாதம் அது. சைக்கிளைப் பிரித்து அட்டைப்பெட்டியில் கட்டி, விமானத்தில் பாரிஸ் கொண்டுவந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பாரிசிலிருந்து ரயிலில் நெவேர் என்ற ஊருக்குப் போவது, அங்கிருந்து அலியே ஆற்றை ஒட்டித் தெற்கே ஏறி, செவென் மலைகளைக் கடந்து, மத்தியதரைக் கடலோரத்தில் எக்மோர்த் என்னும் கோட்டை ஊரில் முடிப்பது என்று திட்டம். ஏறக்குறைய 600 கிலோமீட்டர், பன்னிரண்டு நாள். கூட வந்தது அத்தை மகன். தினமும் வேலைக்கு சைக்கிளில் போகிறவன், ஆனால் பை கட்டிய சைக்கிளில் நீண்ட தூரம் போனதில்லை. நான் நம் ஊரில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஜவ்வாது மலைப் பக்கமும் ஓட்டியிருக்கிறேன். வெளிநாட்டில் இதுதான் முதல் தடவை.

இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி ஒரே கேள்விக்குள் அடங்கும். வரைபடத்தில் ஒரு சாலையைப் பார்த்தால், இந்தச் சாலையில் யார் போகிறார்கள், எதற்காகப் போகிறார்கள், எந்த நாளில் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். சைக்கிள்காரனுக்கு நல்ல சாலை என்றால் பெரும்பாலும் மற்றவர்களுக்குத் தேவைப்படாத சாலை. அது ஏன் தேவைப்படாமல் போனது என்று தெரிந்துகொண்டால், அதே மாதிரிச் சாலையை எந்த நாட்டிலும் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

பிரான்சில் சாலைகளுக்கு எழுத்தும் எண்ணும் உண்டு. ஏ என்றால் விரைவுச்சாலை, சைக்கிளுக்கு அனுமதி இல்லை. என் என்றால் தேசியச் சாலை. டி என்றால் மாவட்டச் சாலை, சி என்றால் ஊர்ச் சாலை. மாவட்டச் சாலைகள் மட்டுமே 3,70,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. "டி சாலையில் போ, என் சாலையை விடு" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதை நம்பித்தான் ஊரில் இருந்தபடி முதல் பாதையை வகுத்தேன். அதில் ஒரு பள்ளம் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

2006ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு ஏறக்குறைய 18,000 கிலோமீட்டர் தேசியச் சாலைகளை மாவட்டங்களிடம் ஒப்படைத்தது. சாலை அதேதான், லாரிகளும் அதேதான், எண் மட்டும் மாறியது. என்-75 டி-1075 ஆனது. என்-6 சில மாவட்டங்களில் டி-606, சிலவற்றில் டி-906. அதனால் டி என்ற எழுத்துக்குப் பின்னால் 600, 900, 1000 என்று பெரிய எண் வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். நீளமாக, நேராக, ஊர்களைச் சுற்றிக்கொண்டு போகிற சாலையாகவும் இருந்தால் அது பெரும்பாலும் பழைய தேசியச் சாலை. டி-45, டி-20 போன்ற சின்ன எண் கொண்ட சாலைகள் ஊர்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து போகும். இன்னொன்று, டி எண்ணை ஒவ்வொரு மாவட்டமும் தன் விருப்பப்படி வைக்கிறது. மாவட்ட எல்லை தாண்டினால் அதே சாலைக்கு வேறு எண் வரலாம். வழி தவறிவிட்டோமோ என்று பதற வேண்டியதில்லை. தாளில் இரண்டு எண்ணையும் முன்கூட்டியே குறித்துக்கொண்டால் போதும்.

ஆனால் எண்ணை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது. மாமாதான் இதைக் காட்டினார். வரைபடத்தில் ஏ-75 விரைவுச்சாலையைத் தொட்டு, "இதுல சுங்கம் கிடையாது" என்றார். கிளெர்மோன்-ஃபெரானிலிருந்து தெற்கே பெசியே பக்கம் போகும் இந்தச் சாலையில், 2004இல் திறந்த மியோ பாலத்துக்கு மட்டும்தான் கட்டணம். மற்ற தூரமெல்லாம் இலவசம். அதற்குப் பக்கத்திலேயே ஓடும் பழைய என்-9, லோசேர் மாவட்டத்தில் இன்று டி-809. பெரிய எண்தான், பழைய தேசியச் சாலைதான். ஆனால் இலவச விரைவுச்சாலை பக்கத்தில் இருக்கும்போது லாரிக்காரர் இதில் ஏன் வரப்போகிறார்? அகலமான, நல்ல தார் போட்ட, தேசியச் சாலைக்கென்று சரிவு குறைத்து அமைத்த சாலை, இன்று பெருமளவு காலி. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கதை நேர்மாறு. அங்கே ஏ-7இல் சுங்கம் உண்டு. அதனால் பக்கத்தில் ஓடும் பழைய என்-7இல் காசு மிச்சம் பிடிக்கிற வண்டிகளெல்லாம் வந்து நெரிகின்றன. இரண்டு இடத்திலும் விரைவுச்சாலையும் அதன் பக்கத்தில் பழைய சாலையும்தான். சுங்கச்சாவடி ஒன்று எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. நம் ஊரிலும் சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டு போகும் கிராமத்துச் சாலைகளில் இதே நிலைதான் என்று பிறகு தோன்றியது.

ஊகத்தோடு நிற்க வேண்டாம், எண்ணிக்கையே கிடைக்கிறது. பல மாவட்ட நிர்வாகங்கள் தங்கள் சாலைகளில் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை வண்டிகள் போகின்றன, அதில் லாரி எத்தனை சதவீதம் என்று வரைபடமாகவே வெளியிடுகின்றன. பிரெஞ்சில் 'கோந்தாஜ் ரூத்தியே', அதாவது சாலைக் கணக்கெடுப்பு என்று தேடினால் வரும். மொழி தெரியாவிட்டாலும் எண்களைப் படித்துவிடலாம். நான் வைத்துக்கொண்ட அளவு இது. 500 வண்டிக்குள் என்றால் நிம்மதி, பேசிக்கொண்டே போகலாம். 1,000 வரை பரவாயில்லை. 3,000 தாண்டினால் வேறு வழி தேடு. வண்டி குறைவாக இருந்து லாரி சதவீதம் அதிகமாக இருந்தாலும் தேடு. எனக்குத் தெரிந்து பாதை வகுப்பதற்கு இதைவிடப் பயனுள்ள தாள் வேறில்லை. பயணம் போகிறவர்கள் அதிகம் பேர் இதைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

என் வேலை முறையைச் சொல்கிறேன். முதலில் காகித வரைபடம். மிஷ்லன் நிறுவனத்தின் 1:1,50,000 அல்லது 1:2,00,000 அளவு வரைபடம் போதும். அதில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று சாலைக்கு நிறம் உண்டு. வெள்ளைச் சாலைகளைக் கோத்துக்கொண்டே போக வேண்டும், இணைக்க முடியாத இடத்தில் மட்டும் மஞ்சள். சாலை ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் காட்சி நன்றாக இருக்கும் என்று பொருள். சாலைமேல் சின்ன அம்புக்குறிகள் இருக்கும். ஒரு அம்பு என்றால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். அம்பு மேட்டை நோக்கிக் காட்டும். மூன்று அம்பு நமக்கு எதிரே வந்தால் அது இறக்கம், கூடவே வந்தால் இறங்கித் தள்ள வேண்டும்.

அகலமான தாளில் பென்சிலால் மொத்தப் பாதையையும் போட்ட பிறகுதான் கணினிக்குப் போனேன். திரையில் ஆரம்பித்தால் மொத்த நிலமும் கண்ணில் படுவதில்லை, துண்டு துண்டாகத்தான் தெரியும். பலரும் சேர்ந்து உருவாக்கும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தகவலை வைத்து இயங்கும், பாதை வகுத்துத் தரும் சைக்கிள் டாட் டிராவல், பிரவுட்டர் இரண்டையும் பயன்படுத்தினேன். முதலாவது வண்டி குறைந்த சாலைகளைத் தேடித் தருவதில் கெட்டி. இரண்டாவதில் ஏற்ற இறக்கத்தைத் துல்லியமாகப் பார்க்கலாம். பென்சில் கோடும் செயலியின் கோடும் ஒத்துப்போன இடங்களை அப்படியே விட்டுவிட்டேன். ஒத்துப்போகாத இடங்களில் மட்டும் நேரம் செலவழித்தேன். அங்கே கூகுள் தெருக்காட்சியில் போய்ப் பார்ப்பேன். தார் எப்படி இருக்கிறது, நடுக்கோடு போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன். நடுக்கோடே இல்லாத தார்ச் சாலை என்றால் வண்டி குறைவு என்று பெரும்பாலும் நம்பலாம். தெருக்காட்சி வண்டியே போகாத வழி என்றால் அது மண்பாதையாக இருக்க வாய்ப்பு அதிகம். கடைசியில் எல்லாவற்றையும் ஜிபிஎக்ஸ் என்ற பாதைக் கோப்பாக இறக்கி, இணையம் இல்லாமலும் வேலை செய்யும் ஆஸ்மேண்ட் என்ற கைபேசிச் செயலியில் ஏற்றிக்கொண்டேன்.

முதல் நாள் இந்த உழைப்பு அப்படியே பலித்தது. நெவேரிலிருந்து மூலேன் ஊருக்கு நேராக என்-7 போகிறது, லாரிகளின் நாடி அது. நாங்கள் ஆற்றின் மேற்குக் கரையைப் பிடித்தோம். லெ கெத்தன் என்ற இடத்தில் ஒரு கால்வாய், பாலத்தின்மேல் ஏறி ஆற்றைக் கடக்கிறது. கீழே அலியே ஆறு, மேலே படகு போகும் தண்ணீர். அதைத் தாண்டி அப்ரெமோன் என்ற கல்வீட்டு ஊர். காலையிலிருந்து மதியம் வரை எங்களைக் கடந்த கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். லாரிகள் எல்லாம் அக்கரையில் இருந்தன, அவ்வளவுதான் காரணம்.

தூரத்தைவிட நேரத்தைக் கணக்கிடுவது நல்லது. பை கட்டிய சைக்கிளில் சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டர், ஏற்றத்தில் மணிக்கு 400 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டேன். உதாரணத்துக்கு, எங்கள் வழியில் வரும் லெ பிளேமார் ஊர் ஏறக்குறைய 1,070 மீட்டரில் இருக்கிறது, அங்கிருந்து ஏறிக் கடக்க வேண்டிய ஃபினியல் கணவாய் 1,541 மீட்டர். அப்படியானால் ஏறுவதற்கு மட்டும் ஒரு மணி பத்து நிமிடத்துக்கு மேல். ஒரு நாளைக்கு மிதிக்கும் நேரம் ஆறு மணி, அதற்குமேல் போடவில்லை. மற்ற நேரம் சாப்பிட, தண்ணீர் தேட, வழி கேட்க, ஒரு மரத்தடியில் சும்மா உட்கார. சும்மா உட்காராவிட்டால் எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்?

பிரியூத் தாண்டி லான்ஜாக் வரை எல்லாம் கணக்குப்படி நடந்தது. அதற்குப் பிறகுதான் மாமா சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை என்று புரிந்தது.

அலியே ஆறு லான்ஜாக்குக்கு மேலே ஒரு குறுகிய மலைப்பிளவுக்குள் போய்விடுகிறது. வரைபடத்தில் ஆற்றோரமாக ஒரு கோடு அழகாகப் போகும். அது ரயில் பாதை. கிளெர்மோன்-ஃபெரானிலிருந்து நீம் வரை போகும் செவெனோல் பாதை, 1870இல் முடிந்தது. ரயிலுக்காகக் குகை குடைந்தார்கள், சாலைக்காக யாரும் குடையவில்லை. சாலை பிளவைவிட்டு மேட்டுநிலத்துக்கு ஏறி, மறுபடி இறங்கி, மறுபடி ஏறுகிறது. ஆறு இருந்தால் ஓரத்தில் சாலை இருக்கும், சாலை இருந்தால் சமமாக இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். காவிரிக் கரையில் அது உண்மை. மலையாற்றில் உண்மை இல்லை.

இதைக் கவனித்திருந்தால் ஏற்றத்தை ஏற்றுக்கொண்டு மேலே போயிருப்போம். நான் அன்று காலை கைபேசியில் ஒரு செயலியிடம், ஏற்றம் குறைவான வழி கொடு என்று கேட்டேன். அது ஆற்றோரமாக ஒரு வழி கொடுத்தது. தெருக்காட்சியில் பார்க்காமலேயே, நேரம் மிச்சம் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். முதல் ஒரு கிலோமீட்டர் தார், அப்புறம் சரளை, அப்புறம் மரம் வெட்டும் வண்டிகள் தோண்டிப்போட்ட சேற்றுப் பள்ளம், அப்புறம் வேரும் பாறையுமாக நடைபாதை. ஒரு சைக்கிளை இருவர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு, திரும்பிவந்து அடுத்ததைத் தூக்கினோம். மூன்று கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம். அத்தை மகன் ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை, அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. தண்ணீரும் தீர்ந்துவிட்டது.

இதில் செயலியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு வழிக்கும் ஒரு வகை குறிக்கப்பட்டிருக்கும். 'அன்கிளாசிஃபைடு' என்றால் வண்டி போகும் சின்னச் சாலை, பெரும்பாலும் தார் இருக்கும். 'டிராக்' என்றால் வயலுக்கோ காட்டுக்கோ போகும் பாதை, அதில் தரம் ஒன்றிலிருந்து ஐந்து வரை. 'பாத்' என்றால் நடப்பவருக்கானது. செயலியில் அந்தக் கோட்டைத் தொட்டிருந்தால் டிராக் என்று காட்டியிருக்கும். இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். காலையில் அவசரத்தில் பாதையை மாற்றுவதாக இருந்தால், புதிய துண்டு முழுவதையும் தொட்டுத் தொட்டு வகை பார்க்காமல் கிளம்புவதில்லை. பத்து நிமிட வேலைதான்.

அன்று எங்களைக் காப்பாற்றியது தபால்காரப் பெண். மேலே தார்ச் சாலைக்கு வந்து சேர்ந்தபோது மஞ்சள் நிறத் தபால் வண்டி ஒன்று நின்றிருந்தது. எங்கள் காலில் இருந்த சேற்றைப் பார்த்தே எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லிவிட்டார். வண்டியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டு, வரைபடத்தில் மோனிஸ்ட்ரோல் வரை வழி காட்டினார். எந்த வளைவில் சரளை கிடக்கிறது, எந்தப் பண்ணையில் நாய் அவிழ்த்துவிட்டிருக்கும், எந்தச் சாலையில் மரம் ஏற்றிய லாரிகள் வருகின்றன என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. "மரலாரி வார நாளில் மட்டும்தான். சனிக்கிழமை நீங்கள் இதில் தாராளமாகப் போகலாம்" என்றார். அன்றிலிருந்து மஞ்சள் வண்டியைப் பார்த்தால் நிறுத்திக் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். ஊர் விடுதியிலோ கடையிலோ கேட்டால் காரில் போகும் வழியைத்தான் சொல்வார்கள். அது அவர்கள் தப்பில்லை, அவர்கள் போவது காரில். தபால்காரர்தான் ஊரின் ஒவ்வொரு சந்துக்குள்ளும் தினமும் நுழைகிறவர்.

அவர் சொன்ன வார நாள், சனிக்கிழமை வித்தியாசம் என் கேள்விக்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஒரே சாலை கிழமைக்குக் கிழமை மாறுகிறது. பிரான்சில் 7.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளுக்குச் சனி இரவு பத்து மணியிலிருந்து ஞாயிறு இரவு பத்து மணி வரை பொதுவாகத் தடை உண்டு. அதனால் பெரிய சாலையைத் தவிர்க்கவே முடியாத துண்டுகளையும், பெரிய ஊரைவிட்டு வெளியேறும் வழிகளையும் ஞாயிறு காலைக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஃபுளோராக் ஊருக்கு முன் கொஞ்ச தூரம் என்-106இல் போகவேண்டி இருந்தது. அதை ஞாயிற்றுக்கிழமை வரும்படி ஒரு நாள் முன்னாலேயே ஓய்வெடுத்துத் தள்ளி வைத்தோம்.

ஆனால் ஞாயிறு லாரி இல்லாத நாள் மட்டுமில்லை, சோறு இல்லாத நாளும்கூட. சிற்றூர்க் கடைகள் ஞாயிறு மதியத்தோடு மூடிவிடும். திங்கள் பல கடைகளுக்கு விடுமுறை, பேக்கரிக்கும் வாரத்தில் ஒரு நாள் அடைப்பு. மற்ற நாட்களிலும் பன்னிரண்டரை மணிக்கு மூடினால் திறக்க மூன்று மணி ஆகலாம். எனவே பாதை வகுக்கும்போதே சனி மாலை எந்த ஊரில் இருப்போம், அங்கே பல்பொருள் கடை உண்டா என்று பார்த்துவிட வேண்டும். நாங்கள் இரண்டு வேளைக்கான உணவை எப்போதும் பையில் வைத்திருந்தோம். ரொட்டி, சீஸ், தக்காளி, அத்தை கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாய். மே மாதத்தை விட்டுவிட்டு ஜூனில் கிளம்பியதற்கும் இதுதான் காரணம். மே மாதத்தில் அரசு விடுமுறைகள் அடுக்கடுக்காக வரும், ஜூனில் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. இலையுதிர் காலத்தைத் தவிர்த்ததற்குக் காரணம் வேறு. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று செவென் மலையில் மோதி, ஒரே நாளில் பெருமழையாகக் கொட்டி ஆறுகளைப் பொங்கவைப்பது அந்தப் பருவத்தில்தான் அதிகம்.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய எல்லா ஊரிலும் பூச்செடிகளுக்கு ஊற்றக் குழாய் வைத்திருப்பார்கள். 'ஓ நோன் போத்தாப்ள்' என்று பலகை இருந்தால் அது குடிக்கக் கூடாத தண்ணீர். பலகை இல்லாவிட்டாலும் அருகில் யாராவது இருந்தால் கேட்டுக்கொள்வோம். மேரி, அதாவது ஊராட்சி அலுவலகம் திறந்திருந்தால் அங்கேயும் மறுக்காமல் நிரப்பித் தந்தார்கள்.

பலகைகளில் இன்னும் இரண்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 'ரூத் பாரே' என்றால் சாலை அடைப்பு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக விடுவார்கள் என்று நம்பி இறங்கிப் போய், பாலமே இல்லாமல் திரும்பி ஏறியவர்கள் உண்டு. எதிரே வருகிறவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். 'கிராவியோன்' என்றால் தார்மேல் புதிதாகச் சல்லி தூவியிருக்கிறார்கள். கோடையில் சின்னச் சாலைகளில் இந்த வேலை நடக்கும். இறக்கத்தில் அதன்மேல் வேகமாகப் போனால் முன்சக்கரம் வழுக்கிவிடும். சிற்றூருக்குள் வேறொரு ஆபத்து. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. அவர்கள் நிற்காமல் வந்துவிடுவார்கள். சட்டப்படி அவர்கள் பக்கம்தான் நியாயம்.

மோன் லோசேர் மலையை ஏறிய நாள் மேகமில்லாத நாள். மலைமுழுக்க மஞ்சள் பூப்புதர்கள் பூத்திருந்தன. டி-20 சாலையில் ஃபினியல் கணவாய் தாண்டி போன் தெ மோன்வேர் என்ற ஊருக்கு இறங்கினோம். 1702 ஜூலையில் ஒரு மதகுருவின் கொலையோடு கமிசார் கிளர்ச்சி தொடங்கிய ஊர் அது. பதினான்காம் லூயி மன்னன் தங்கள் வழிபாட்டைத் தடைசெய்ததை எதிர்த்து, புராட்டஸ்டன்ட் மலைமக்கள் ஆயுதம் எடுத்தார்கள். அதற்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்றால், எங்கள் பயணத்தின் மிக அழகான சாலையே அந்தக் காலத்து அடக்குமுறையில்தான் பிறந்தது. ஃபுளோராக்கிலிருந்து சேன் ழான் துய் கார் வரை மலைமுகட்டின் மேலேயே போகும் கோர்னீஷ் சாலை, இப்போது பெரும்பகுதி டி-9, மன்னனின் படைகள் இந்த மலைக்குள் நடமாட வசதியாக அமைத்த வழி. படைக்குப் போட்ட சாலை, அதனால்தான் பள்ளத்தாக்கு ஊர்களைத் தொடாமல் முகட்டிலேயே போகிறது. இன்று ஊர்களுக்குப் போகிறவர்கள் பள்ளத்தாக்குச் சாலைகளில் போகிறார்கள். முகடு, காட்சி பார்க்க வருகிறவர்களுக்கு மிஞ்சியிருக்கிறது.

யார் போகிறார்கள் என்ற கேள்விக்கு இங்கே கிடைத்த பதில், மோட்டார் சைக்கிள்காரர்கள், அதுவும் வார இறுதியில். அதனால் ஞாயிறு ஃபுளோராக்கில் தங்கிவிட்டுத் திங்கள் காலை ஏறினோம். இருபக்கமும் நீல நிறத்தில் மலைவரிசைகள், ஒன்றன் பின் ஒன்றாக, கடைசி வரிசை வானத்தோடு கலந்துவிடுகிறது. ஆனால் ஊர்களை அதிகம் தொடாத சாலையில் தண்ணீரும் கடையும் அருகிவிடும் என்பதும் அதே வரலாற்றிலிருந்தே ஊகிக்கக் கூடியது. ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்தோம். அது வீணாகவில்லை.

திரும்பிவர ஒரு வழியையும் பாதையோடு சேர்த்தே வகுக்க வேண்டும். செவெனோல் ரயில் லான்ஜாக், லாங்கோன், அலேஸ் வழியாக எங்கள் பாதைக்கு இணையாகவே ஓடியது. பிராந்திய ரயிலில் சைக்கிளை ஏற்றலாம். ஒரு நாளைக்கு ஓடும் வண்டிகள் மிகக் குறைவு, அதனால் நேர அட்டவணையை வெள்ளைத்தாளில் எழுதி வைத்திருந்தேன். அத்தை மகனுக்கு மூன்றாவது நாள் முழங்கால் வலி வந்தபோது அந்தத் தாள்தான் எங்களுக்குத் தைரியம் கொடுத்தது. ரயில் ஏறவில்லை, ஆனால் ஏறலாம் என்று தெரிந்ததாலேயே அவனால் ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டுத் தொடர முடிந்தது. விசாவைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்றும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். எங்கள் அத்தை அவர்கள் ஊர் மேரியில் வாங்கி அனுப்பிய வரவேற்புச் சான்று எனக்கு உதவியது. உறவினர் இல்லாதவர்கள், பணம் திருப்பித் தரும் முன்பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்கலாம்.

மலையிலிருந்து இறங்கிச் சமவெளிக்கு வந்ததும் சுலபமாகிவிடும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் பாதை வகுக்க அதிகம் மெனக்கெட வேண்டியது அங்கேதான். கடலோரத்தில் எல்லாச் சாலையிலும் போக யாருக்காவது ஒரு காரணம் உண்டு, எல்லோருக்கும் கடற்கரை வேண்டும். சோமியேர் பக்கம் பழைய ரயில் பாதையைத் தார் போட்டு சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அப்படிப்பட்ட பாதைகளில் ஏற்றம் எங்கேயும் லேசாகவே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, பிறகு திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஊர்ச் சாலைகளில் புகுந்து, பன்னிரண்டாம் நாள் மாலை எக்மோர்த் கோட்டைச் சுவரைப் பார்த்தோம்.

பாரிஸ் திரும்பியதும், பென்சில் கோடும் சேற்றுக்கறையுமாக இருந்த வரைபடத்தை மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டார். விரல் அலியே ஆற்றில் மெதுவாக ஏறியது, லான்ஜாக்கில் நான் அழித்து எழுதியிருந்த இடத்தில் கொஞ்சம் நின்றது, மேலே போனது. முகட்டுச் சாலைக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இங்க தண்ணி எங்க புடிச்சீங்க மாப்பிள்ள?"

"புடிக்கல மாமா. கீழ இருந்தே தூக்கிட்டுப் போனோம்."

தலையை ஆட்டிவிட்டு மறுபடி தாளில் குனிந்தார்.